ஒரு ஸ்டார் போடும் முன் ஒரு நிமிடம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் பார்க்கவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் பழகிவிட்டீர்கள். அடுத்து என்ன என்று பார்த்தால், பலரும் தேடிப் போவது கதைப் புத்தகங்களைத்தான். கிண்டில் போன்ற மின்நூல் கடைகளில் துப்பறியும் கதை, பேய்க் கதை, குடும்ப நாவல், அறிவியல் புனைகதை என்று தமிழிலேயே ஏராளமாகக் கிடைக்கின்றன. விலையும் குறைவு. ஆனால் பல நூல்களில் பதிப்பகத்தின் பெயர் இருக்காது. எழுதியவரே வெளியிட்டவை அவை. அட்டைப் படத்தின் கீழே மஞ்சள் நிறத்தில் சில ஸ்டார்கள், அவற்றின் பக்கத்தில் ஒரு எண். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நம்மிடம் இருப்பது அவ்வளவுதான்.

இந்த ஸ்டார்களைப் போடுவது யார்? எவ்வளவு தூரம் நம்பலாம்? நாமும் போடலாமா? இவற்றைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். அதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் பஸ்சில் படிக்கலாம் என்று ஒரு மின்நூல் கடையில் 49 ரூபாய் கொடுத்து ஒரு கொலைக் கதை வாங்கினேன். வீட்டில் சும்மா கிடந்த பழைய டேப்லெட்டில் திறந்தால், பக்கம் முழுக்க எழுத்துகள் உடைந்து கிடந்தன. 'கொலை' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். நான்கு பக்கம் முயன்றேன், தலை வலித்தது. கோபத்தில் கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். அங்கே 'இந்த நூலுக்கு எத்தனை ஸ்டார்?' என்று கேட்டது. ஒன்றைத் தொட்டேன். 'படிக்கவே முடியவில்லை, காசு தண்டம்' என்று ஒரு வரியும் எழுதினேன். பிறகுதான் அதே பக்கத்தில் எழுத்தாளரின் மெயில் முகவரி இருந்ததைக் கவனித்தேன். அதற்கும் ஒரு புகார் தட்டினேன்.

மறுநாள் பதில் வந்தது. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். அவருடைய முதல் நாவலாம். 'தம்பி, வேறு யாரும் இப்படிச் சொல்லவில்லையே. வேறு கருவியில் ஒருமுறை திறந்து பார்க்க முடியுமா?' என்று கேட்டிருந்தார். என் லேப்டாப்பில் திறந்தேன். எழுத்துகள் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தன. குற்றம் நூலில் இல்லை. என் டேப்லெட்டில் இருந்த படிக்கும் செயலியைப் பல ஆண்டுகளாக நான் அப்டேட் செய்யவே இல்லை. அந்தப் பழைய பதிப்புக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை. இதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தொழிலே. இருந்தும் கோட்டை விட்டேன்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நூலுக்கு அதுவரை ஸ்டார் போட்டிருந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் ஐந்து ஐந்து. சராசரி 5. நான் ஒன்று போட்டதும் மொத்தம் 11, அதை மூன்றால் வகுத்தால் 3.7. ஒரே நாளில் அந்த நூல், நல்ல நூல்களின் வரிசையில் இருந்து 'பரவாயில்லை' ரகத்துக்கு இறங்கிவிட்டது. இதுவே நூறு பேர் ஐந்து போட்டிருந்த நூலாக இருந்தால், என் ஒரு ஸ்டாருக்குப் பிறகும் சராசரி 4.96 இருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பெரிய பதிப்பகத்தின் பிரபல நூலுக்கு நம் கருத்து கடலில் கரைத்த பெருங்காயம். தானே வெளியிடும் புது எழுத்தாளருக்கோ ஒவ்வொரு வாசகரும் ஒரு நீதிபதி மாதிரி.

(இது நாம் பள்ளியில் படித்த சாதாரண சராசரி. அமேசான் இப்படி நேரடியாகச் சராசரி எடுப்பதில்லை. கருத்து எவ்வளவு புதியது, எழுதியவர் அங்கேயே வாங்கியவரா என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதாக அந்த நிறுவனமே சொல்கிறது. ஆனாலும் மூன்றே பேர் இருக்கும் இடத்தில் எந்தக் கணக்கும் அந்த மூவரைச் சுற்றித்தான் வரமுடியும்.)

தடுத்து நிறுத்த ஆள் இல்லாத கடை

மாத நாவல்கள் கடையில் தொங்கிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதை முதலில் ஆசிரியர் கைக்குப் போகும். அவர் படித்துப் பார்த்துச் சரிசெய்வார், அல்லது திருப்பி அனுப்புவார். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துபவர் ஒருவர் பார்ப்பார். வாசகர் கைக்கு வரும் முன் இரண்டு மூன்று பேராவது கதையைப் படித்திருப்பார்கள்.

தானே வெளியிடும் முறையில் இது எதுவும் கட்டாயம் இல்லை. எழுதிய பைலையும் ஒரு அட்டைப் படத்தையும் தளத்தில் ஏற்றி, விலையைக் குறிப்பிட்டு, பட்டனை அழுத்தினால் போதும். ஓரிரு நாட்களில் நூல் விற்பனைக்கு வந்துவிடும். அமேசான் இந்த வசதியை 2007ல் கிண்டில் கருவியோடு சேர்த்தே அமெரிக்காவில் தொடங்கியது. 2016 டிசம்பரில் தமிழ் உள்பட ஐந்து இந்திய மொழிகளின் நூல்கள் கிண்டிலுக்கு வந்தன. 2014ல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி தளத்தில் தமிழ்த் தொடர்கதைகள் நிறைய வெளியாகின்றன. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் கீழேயே வாசகர்கள் கருத்து எழுதுகிறார்கள்.

எழுத விரும்பும் எவருக்கும் கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் வாசலில் நின்று பார்த்த ஆசிரியர் இப்போது இல்லை. அவர் செய்த வேலையைச் செய்வது, வாங்கிப் படித்துவிட்டு நாலு வரி எழுதும் வாசகர்தான். சம்பளம் கிடையாது. இருந்தாலும் அந்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்லலாம்.

செவ்வாயில் பிழை கண்டுபிடித்தவர்கள்

ஆண்டி வெயர் ஒரு சாப்ட்வேர் புரோகிராமர். எங்கள் ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் விண்வெளி வீரனைப் பற்றி 'தி மார்ஷியன்' என்ற கதையை 2009ல் தன் சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக, இலவசமாக வெளியிடத் தொடங்கினார். அதற்கு முன் அவர் எழுதியவற்றை வெளியிட யாரும் முன்வரவில்லை. அதனால் இந்த முறை பதிப்பகங்களின் பக்கமே போகவில்லை.

படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அறிவியல் தெரிந்த வாசகர்கள் கணக்கைச் சரிபார்த்து மெயில் அனுப்பினார்கள். கதையின் நாயகன் ராக்கெட் எரிபொருளில் இருந்து தண்ணீர் தயாரிப்பான். அது போன்ற இடங்களில் வேதியியல் தெரிந்தவர்கள் தவறுகளைச் சுட்டிக்காட்ட, வெயர் உடனே திருத்தினார். அச்சில் வந்த நூல் என்றால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இங்கே அன்றே திருத்த முடிந்தது.

பிறகு சில வாசகர்கள், தளத்தில் படிக்கச் சிரமமாக இருக்கிறது, கிண்டிலில் கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே 2012ல் அங்கே ஏற்றினார். இலவசமாகக் கொடுக்க அங்கே வழியில்லாததால், வைக்கக்கூடிய குறைந்தபட்ச விலையான 99 சென்ட் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், தன் தளத்தில் இலவசமாக எடுத்தவர்களைவிட அங்கே காசு கொடுத்து வாங்கியவர்களே அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்று மாதங்களில் சுமார் 35,000 பிரதிகள் விற்றன. 2014ல் கிரவுன் பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது. 2015ல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் மேட் டேமன் நடித்துப் படமாகவும் வந்தது.

ஒரு பிழை மட்டும் திருத்தப்படாமலே நின்றுவிட்டது. கதை ஒரு பயங்கரப் புழுதிப் புயலில் தொடங்குகிறது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே வீசும் புயலால் ஆளைத் தூக்கி எறிய முடியாது. வெயருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் கதைக்காக அப்படி வைத்துக்கொண்டார். வாசகர் சொல்வதை எல்லாம் எழுத்தாளர் கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை என்பதற்கு நல்ல உதாரணம்.

இரண்டாமவர் ஹியூ ஹோவி. வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். மண்ணுக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட பாதாளக் கட்டடத்தில் வாழும் மனிதர்களைப் பற்றி 'வுல்' என்ற சிறிய கதையை 2011 ஜூலையில் 99 சென்ட் விலையில் வெளியிட்டார். அவரைப் பொறுத்தவரை கதை அதோடு முடிந்தது. படித்தவர்கள் விடவில்லை. அடுத்து என்ன ஆயிற்று என்று கருத்துப் பகுதியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகே அடுத்த நான்கு பகுதிகளை எழுதினார். அச்சு உரிமையை மட்டும் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு, மின்நூல் உரிமையைத் தானே வைத்துக்கொண்டது அந்நாளில் பெரிய செய்தி. 2023ல் இந்தக் கதை 'சைலோ' என்ற பெயரில் ஆப்பிள் டிவியில் தொடராக வந்தது. வாசகர்கள் கேட்டிராவிட்டால் அது ஒரு சிறுகதையோடு நின்றிருக்கும்.

காசுக்கு விற்ற ஸ்டார்கள்

ஒரு பொருளுக்கு இவ்வளவு மதிப்பு வந்துவிட்டால் போலியும் வந்துவிடும், இல்லையா? ஜான் லாக் என்ற அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர், தானே வெளியிட்ட நூல்களைக் கிண்டிலில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆள் என்று 2011ல் பெயர் வாங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. பணத்துக்குக் கருத்து எழுதித் தரும் ஒரு நிறுவனத்திடம் அவர் 300 கருத்துகளை வாங்கியிருந்தார். அவரும் அதை ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலில் ஒரு கருத்து 99 டாலர், 20 கருத்துகள் 499 டாலர், 50 கருத்துகள் 999 டாலர். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி!

அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் போலிக் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து 2024ல் விதி கொண்டுவந்தது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையக் கருத்துகளுக்கு ஒரு தர நிர்ணயம் வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆகவே இப்போதைக்கு நம் கண்தான் நமக்குக் காவல்.

இன்னொரு புதிய தலைவலியும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் சொன்னால் சில நிமிடங்களில் ஒரு 'நாவல்' தயார். இப்படி வந்து குவியும் நூல்களைக் கட்டுப்படுத்த, 2023 செப்டம்பரில் அமேசான் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புதிய நூல்கள்தான் ஏற்றலாம் என்று வரம்பு வைத்தது. எண்ணிப் பாருங்கள், ஒரு நாளைக்கு மூன்று! நூலை மென்பொருள் எழுதியது என்றால் எழுத்தாளர் அதை அமேசானிடம் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்தத் தகவல் வாங்குபவருக்குக் காட்டப்படுவதில்லை. 'பாதிக் கதையில் நாயகியின் பெயர் மாறிவிடுகிறது, ஒரே பத்தி மூன்று இடத்தில் வருகிறது' என்று ஒரு வாசகர் எழுதி வைத்தால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

எப்படிப் பார்ப்பது?

அமேசானில் நூலின் பக்கத்தைத் திறந்து கீழே இறங்கினால், ஐந்தில் இருந்து ஒன்று வரை ஸ்டார்கள் எத்தனை சதவீதம் என்று பட்டைகளாகக் காட்டியிருப்பார்கள். எந்தப் பட்டையை மவுசால் கிளிக் செய்கிறீர்களோ அந்தக் கருத்துகள் மட்டும் வரும். நான் முதலில் கிளிக் செய்வது மூன்று ஸ்டார். ஐந்து போட்டவர் நண்பராக இருக்கலாம், ஒன்று போட்டவர் என்னைப் போல அவசரக்காரராக இருக்கலாம். மூன்று போட்டவர் பெரும்பாலும் நூலைப் படித்திருப்பார்.

கருத்தின் மேல் 'வெரிஃபைட் பர்ச்சேஸ்' என்று இருந்தால் அவர் அங்கேயே வாங்கியவர் என்று பொருள். அது ஒன்றே போதாது. எழுதியவரின் பெயரைக் கிளிக் செய்து, அவர் வேறு எதற்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே நாளில் பத்து நூல்களுக்கு, எல்லாவற்றுக்கும் ஐந்து ஸ்டார், எல்லாவற்றுக்கும் 'அருமை, விறுவிறுப்பு' என்று இருந்தால் விலகிவிடுங்கள். கதையைப் படித்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயமாவது கருத்தில் இருக்கிறதா என்பதுதான் என்னுடைய முக்கியமான சோதனை. குட்ரீட்ஸ் தளத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே நூலை வாங்காதவரும் ஸ்டார் போடலாம். அட்டைப் படம் வெளியான நாளிலேயே ஸ்டார்கள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகமா? 'சாம்பிள்' பட்டனை அழுத்தி, இலவசமாகக் கிடைக்கும் முதல் பக்கங்களைப் படித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

எப்படி எழுதுவது?

ஆபீசில் எங்களுக்குச் சிலர் 'உங்கள் சாப்ட்வேர் சரியில்லை' என்று மட்டும் மெயில் அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. 'இந்தப் பட்டனை அழுத்தினேன், இந்தத் திரை வந்தது, பிறகு நின்றுவிட்டது' என்று எழுதுபவரைக் கும்பிடத் தோன்றும். கதைக்கும் இதே கதைதான். 'போர்' என்று எழுதினால் எழுத்தாளருக்கும் பயனில்லை, அடுத்து வாங்குபவருக்கும் பயனில்லை. 'முதல் ஐந்து அத்தியாயம் ஓடியது, விசாரணை தொடங்கியதும் ஒரே பேச்சாக நீள்கிறது' என்றால் இருவருக்கும் பயன்.

அதைவிட முக்கியம், கதை எந்த வகை என்று சொல்வது. பேய்க் கதை என்று நினைத்து வாங்கியவர் உள்ளே காதல் கதையைப் பார்த்தால் ஒரு ஸ்டார் போடுவார். காதல் கதை விரும்புபவர் அதே நூலுக்கு ஐந்து போடக்கூடும். 'அட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது குடும்பக் கதை' என்று ஒரு வரி எழுதினால் இரண்டு பேரையும் சரியான இடத்துக்கு அனுப்பிவிடலாம். கொலையாளி யார் என்பதை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். என் அம்மாவுக்கு அப்படி இரண்டு நாவல்கள் வீணாகிவிட்டன.

தமிழிலேயே எழுதலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, 'டைம் அண்ட் லாங்வேஜ்' பகுதியில் லாங்வேஜ் என்பதை எடுத்துத் தமிழைச் சேர்க்கவும். அதன் ஆப்ஷன்ஸில் 'தமிழ் பொனடிக்' விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். அம்மா என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் தமிழில் வரும். நேராகத் தளத்தில் தட்டாமல் முதலில் நோட்பேடில் எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்து, காப்பி செய்து ஒட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் எழுதியது போகாது. கோபமும் அதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அமேசானில் நூலின் பக்கத்தில் கருத்துகள் இருக்கும் பகுதிக்குச் சென்றால் 'ரைட் எ ப்ராடக்ட் ரிவ்யூ' என்ற பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்து எழுதலாம். புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்களுக்கு உடனே அனுமதி கிடைக்காது. அங்கே ஓரளவுக்குப் பொருள்கள் வாங்கியிருந்தால்தான் எழுத விடுவார்கள். போலிகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. எழுதியது தளத்தில் தெரியச் சில நாட்கள் ஆகலாம். வரவில்லையே என்று மறுபடியும் மறுபடியும் அனுப்ப வேண்டாம். நூலை எழுதியவர் உங்கள் உறவினர் அல்லது நெருங்கிய நண்பர் என்றால் எழுதக்கூடாது என்பது அவர்கள் விதி. சித்தப்பா நாவல் எழுதியிருந்தால் போனில் பாராட்டுங்கள்.

கட்டாயம் சரிபார்க்க வேண்டியது இன்னொன்று. எழுத்து உடைகிறது, படம் தெரியவில்லை, பக்கம் திரும்பவில்லை என்றால் முதலில் செயலியை அப்டேட் செய்யுங்கள். பிறகு வேறு கருவியில் திறந்து பாருங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் கருத்தில் தாராளமாக எழுதலாம், எந்தக் கருவி என்பதையும் சேர்த்து.

தவறாக எழுதிவிட்டால் திருத்த வழி உண்டு. அமேசானில் உங்கள் கணக்கில் ப்ரொபைல் பகுதிக்குப் போனால் நீங்கள் எழுதிய கருத்துகள் எல்லாம் வரிசையாக இருக்கும். அங்கேயே திருத்தலாம், நீக்கலாம். மற்ற கடைகளிலும் ஏறக்குறைய இப்படித்தான். நானும் அந்த அம்மாளின் நாவலை லேப்டாப்பில் முழுவதும் படித்துவிட்டு, என் பழைய வரியை நீக்கிப் புதிதாக எழுதினேன். நான்கு ஸ்டார். சராசரி 4.7க்கு வந்தது. இடையில் பதினொரு நாட்கள் போய்விட்டன. அந்த நாட்களில் எத்தனை பேர் 'படிக்கவே முடியவில்லை' என்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று கணக்கெடுக்க எந்தப் பட்டனும் இல்லை.

அவருடைய இரண்டாவது நாவலுக்கு மூன்று ஸ்டார்தான் போட்டேன். கொலையாளி யார் என்று நான்காவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. பெயரைச் சொல்லாமல், எந்த இடத்தில் தெரிந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.